ஒரு வருஷத்துப் பழைய அரிசி

முதல் அறிகுறி, சாப்பாட்டை ஒதுக்கியதுதான். மார்கழி பாதி கழிந்த ஒரு காலையில் என் கணவர் காத்தமுத்து, வட்டிலில் இருந்த பழைய சோற்றை இரண்டு வாய் அள்ளிவிட்டு மீதியைத் தள்ளி வைத்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் வட்டிலில் ஒரு பருக்கை மிஞ்சி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். பனி ஒத்துக்கொள்ளவில்லை, தலை கனக்கிறது என்று சொல்லிவிட்டு வயலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

காய்ச்சல்காரரைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், எட்டாவது வரை படிப்பு, பிற்காலத்தில் பால்வாடியில் வேலை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு காய்ச்சல்தான். ஆனால் அதை அடி முதல் நுனி வரை பார்த்தேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்த மலைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

அது எங்களுக்கு நிலம் வந்த முதல் வருஷம். அதுவரை என் கணவரும் அவருடைய அப்பாவும் மிராசுதார் வீட்டுப் பண்ணையாட்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, யார் யார் பெயரிலோ எழுதி வைத்திருந்த நிலங்களை அரசாங்கம் துருவி எடுத்தபோது கீழமடை என்கிற வயலும் சிக்கியது. மிராசுதார் தன் சமையல்காரர் பெயரில் எழுதி வைத்திருந்த வயல் அது. ஊரிலேயே முதலில் தண்ணீர் பாய்கிற இடம். அதில் மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) எங்கள் பெயருக்குப் பட்டாவாகி வந்தது. மிராசுதார் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு முடிவதற்குள் வெளியூர் ஆட்களை இறக்கி விளைச்சலை அறுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் என் கணவர் காய்ச்சலோடு வரப்பில் போய்க் காவல் உட்கார்ந்தார். சொன்னால் கேட்கிற ஆளில்லை அவர்.

இந்தக் காய்ச்சல் ஒரேயடியாக ஏறுவதில்லை. படி ஏறுவது போல ஏறும். காலையில் சற்றுத் தணிந்து நமக்கு நம்பிக்கை கொடுக்கும். சாயங்காலம் பார்த்தால் முந்தின நாளைவிட ஒரு படி மேலே நிற்கும். ஊர்க் கம்பவுண்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். ஊசி போட்ட அன்று நன்றாகத் தூங்கினார். மறுநாள் காய்ச்சல் மறுபடி தன் படியில் ஏறி நின்றது.

எங்கள் ஊரில் காய்ச்சல்காரர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் சன்னி (காய்ச்சல் வேகத்தில் நினைவு தடுமாறிப் பிதற்றுவது) கண்டுவிடும் என்று நம்புவோம். நானும் கதவைச் சாத்தினேன், கம்பளியைப் போர்த்தினேன், சுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உள்ளே அவர் வெந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலையில் எழுந்து நிற்கப் போனவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். தெருக்காரர்கள் ஒரு மாட்டு வண்டி பிடித்து, வைக்கோலைப் பரப்பி, டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் நடுவில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை, ஓரமெல்லாம் சிவப்பு. நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். உடம்பு இத்தனை கொதிக்கும்போது நாடி ஓட வேண்டும், இவருக்கு நடக்கிறது, அதுதான் இந்தக் காய்ச்சலின் குணம் என்றார். குடற்காய்ச்சல் (டைபாய்டு). தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போய்க் குடலில் புண் உண்டாக்குகிற காய்ச்சல் என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அந்த மார்கழி முழுக்க நாங்கள் வாய்க்கால் தண்ணீரைத்தான் குடித்தோம்.

மருந்து தருவோம், ஆனால் அது பாதி வேலைதான், மீதி உன் கையில் இருக்கிறது என்றார் டாக்டர். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

விளக்கியவர் வார்டு நர்ஸ். கேரளத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். வந்ததும் கம்பளியை உருவித் தூர வைத்தார். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, துணியை நனைத்துப் பிழிந்து, என் கணவர் நெற்றியில் வைத்தார். எனக்குப் பதறிப்போய்விட்டது. நர்சின் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. என் கையை எடுத்து என் கணவர் மார்பில் வைத்து, சூட்டைப் பார் என்றார். பிறகு கழுத்து, கக்கம், கை, தொடை என்று ஒவ்வோர் இடமாகத் துடைத்தார். முடித்ததும் மறுபடி என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

சூடு இறங்கியிருந்தது. நிறைய இல்லை. ஆனால் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. எந்தச் சாமிக்கும் மருந்துக்கும் கட்டுப்படாத அந்த நெருப்பு ஒரு நனைந்த துணிக்குக் கொஞ்சம் அடங்கியது.  அன்று சாயங்காலத்திலிருந்து துடைப்பது என் வேலையாயிற்று.

இதைச் செய்யப்போகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறிவிடும். உடம்பு முழுவதையும் ஒன்றாகத் திறக்காமல், ஒரு பக்கத்தைத் துடைத்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வாயை மறக்காதீர்கள். பல்லிலும் உதட்டிலும் பழுப்பாக ஒட்டிக்கொள்கிற அழுக்கை விரலில் துணி சுற்றி எடுத்துவிட்டால்தான் அவர்களால் ஒரு மடக்குத் தண்ணீராவது விழுங்க முடியும். ஒரே பக்கமாகப் படுக்க விடாதீர்கள், முதுகில் புண் வந்துவிடும். மலத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டு மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கட்டில் உங்களுக்குத்தான். இவை எல்லாம் அந்தப் பெண் எனக்குச் சொன்னவை.

என் கணவர் உடம்பை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. விடியலில் வயலுக்குப் போய் இருட்டில் திரும்புகிறவரின் முதுகை எப்போது பார்ப்பது? தோள்பட்டையில் கட்டுச் சுமந்து காய்த்துப்போன இடம், விலாவில் எப்போதோ பட்ட பழைய தழும்பு, சேற்றில் ஊறி வெடித்த குதிகால். துடைக்கத் துடைக்க ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். பிள்ளை பெறாத வீடு எங்களுடையது. பிள்ளைக்குச் செய்திருக்க வேண்டியதை எல்லாம் அந்த வார்டில் அவருக்குச் செய்தேன் என்று என் நாத்தனார் பிற்பாடு கேலி பேசுவார். கேலியாக இருந்தாலும் பொய் இல்லை.

பொங்கல் வந்து போனது ஆஸ்பத்திரியில் தெரியவில்லை. அதற்குள் அவருக்குச் சன்னி கண்டுவிட்டது. கண் திறந்திருக்கும், என்னைப் பார்க்காது. விரல்கள் போர்வையில் இல்லாத எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கும். மடையை அடைக்கச் சொல்லி யாரையோ விரட்டுவார், மாட்டை அதட்டுவார். ஒரு மத்தியானம் திடுக்கென்று எழப் பார்த்து, "இந்தா வந்துட்டேன் ஆண்டே" என்றார். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்த பிறகு மிராசுதாரை ஆண்டே என்று கூப்பிட மாட்டோம் என்று எங்கள் தெருவில் முதலில் சொன்னவர் அவர். அதற்காக அடியும் பட்டவர். வாயை விட்டுப் போன வார்த்தை உடம்புக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அழுகையாக வந்தது. சன்னியில் வருகிற பேச்சை மனதில் ஏற்றிக்கொள்ளாதே, அது அவர் பேச்சு அல்ல என்றார் நர்ஸ். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அந்தக் கட்டத்தில்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமேதாம்மா ரொம்பக் கவனம். புண்ணு இருக்கிற எடத்துல குடல் நனைஞ்ச காயிதம் மாதிரி மெலிஞ்சு கிடக்கும். கெட்டியா ஏதாவது உள்ள போயி அது ஓட்டையாச்சுன்னா எங்க கையில ஒண்ணும் இல்ல. நான் சொல்ற வரைக்கும் ஒரு பருக்கை சோறு குடுக்கக் கூடாது. அவரே கேட்டாலும் குடுக்காத."

அப்போது குடற்காய்ச்சலுக்கு அப்படித்தான் விதி. இப்போது மருந்துகள் மாறிவிட்டன, சாப்பாட்டு விதிகளும் மாறிவிட்டன. உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. சோறு விளைகிற ஊரில் பிறந்து, அன்பு என்றால் ஊட்டுவது என்று மட்டுமே தெரிந்த எனக்கு, ஊட்டாமல் இருப்பதே வேலையாக வந்து வாய்த்தது.

கீழமடையில் அறுப்பு நடந்தது. சங்கத்து ஆட்கள் வயலைச் சுற்றி நிற்க, எங்கள் தெருப் பெண்கள் இறங்கி அறுத்தார்கள் என்று சொல்லியனுப்பினார்கள். யாரும் தடுக்க வரவில்லை. மறு வாரம் என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். இடுப்பில் ஒரு தூக்குப் பாத்திரம். எங்கள் சொந்த வயலில் விளைந்த முதல் நெல்லைக் குத்திப் பொங்கிய சோறு.

மூடியைத் திறந்ததும் அந்த வாசம் வார்டு முழுக்கப் பரவியது. அன்று காலைதான் அவருக்கு நினைவு சற்றுத் தெளிந்திருந்தது. தலையைத் திருப்பினார். எத்தனையோ நாளாக எதையும் பார்க்காமல் இருந்த கண் அந்தத் தூக்கைப் பார்த்தது.

"நம்மளுதா?" என்றார்.

அக்கா தலையாட்டினார். அழுதுகொண்டே ஒரு கவளம் உருட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி கேட்கிறான், நம் வயல் சோறு, ஒரே ஒரு வாய் என்றார். நான் விடவில்லை. என் கணவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். எலும்பும் தோலுமாகப் போன முகத்தில் வாய் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "ஒரு வாய் குடு தனம்" என்று அவர் கெஞ்சினார். அந்த மனிதர் அதற்கு முன் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

தூக்கைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனேன். ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா பின்னாலேயே வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். நீ என்ன பெண்ணா பேயா என்று கேட்டார். குடல் ஓட்டையாவதைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நனைந்த காகிதம் என்றதும் அக்கா ஏசுவதை நிறுத்திவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சோற்றைக் கொட்டவும் மனம் வரவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் அதற்கு முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. குழைவாக, இனிப்பாக, அப்படி ஒரு ருசி. அவருக்கு இல்லாத சோறு எனக்கு அவ்வளவு ருசிக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

ஏறியது போலவே படிப்படியாகக் காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் வழக்கம்போல அவர் மார்பில் கை வைத்தேன். என் கையும் அவர் மார்பும் ஒரே சூட்டில் இருந்தன. தவறாக வைத்துவிட்டோமோ என்று கழுத்தில் வைத்தேன், வயிற்றில் வைத்தேன். எங்கும் அதுவே. ஒரு மனித உடம்பு தன் அளவான சூட்டில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கும்பிடத் தோன்றியது. எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல், அவர் காலைத் தொட்டு வைத்தேன்.

காய்ச்சல் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். எங்களுக்கு அதற்குப் பிறகுதான் சோதனை. இப்போது அவர் சாப்பிட வேண்டும், சாப்பிட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலும் ரொட்டியும் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தன. ஒருகாலத்தில் நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கித் தோளில் போட்டவரை நான் ஒரே கையால் புரட்டிப் படுக்க வைக்க முடிந்தது. பேச்சும் நின்றுபோனது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடல் தேறிவிட்டது, கஞ்சி ஆரம்பிக்கலாம் என்றார். ஆனால் சீக்கிரம் உள்ளே ஏதாவது தங்காவிட்டால், காய்ச்சலில் பிழைத்தவர் பலவீனத்தில் போய்விடுவார் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"பழைய அரிசியா பாத்துக் கஞ்சி வையி. ஒரு வருஷமாவது ஆன அரிசி. புது அரிசி வேண்டாம், வயித்துல பசை மாதிரி நிக்கும்."

நெல்லை ஒரு வருஷம் வைத்திருந்தால் அதன் பிசுபிசுப்பு போய், சோறு லேசாக, எளிதில் செரிக்கிறதாக ஆகும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பழைய அரிசிக்கு நான் எங்கே போவேன்? எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அது இருந்ததில்லை. கூலி நெல் வந்த அன்றே குத்தப்படும், குத்திய அன்றே உலை ஏறும். எங்களுக்குத் தெரிந்து ஐப்பசி வந்தால் நெல் என்ற பேச்சே கிடையாது, கிழங்கும் கீரையும்தான். எங்களிடம் இருந்த நெல் எல்லாம் இந்தத் தையில் அறுத்த புது நெல்.

அரிசி மண்டியில் கேட்டேன். நெல் வண்டி போக வரக் கெடுபிடி இருந்த காலம் அது. பழைய சரக்கு இல்லை என்று கையை விரித்தார்கள். ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்துப் பார்த்தேன். அந்த முடை நாற்றத்துக்கே குமட்டி வாந்தி எடுத்தார். வாந்தி எடுக்கக்கூட அவரிடம் பலம் இல்லை, வாய் ஓரத்தில் வழிந்தது.

எங்கள் ஊரில் பழைய நெல் ஒரே ஒரு வீட்டுப் பத்தாயத்தில்தான் (நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி) இருக்கும். அக்காவிடம் சொன்னேன். அந்த வாசலை மிதித்தால் தெருவே காறித் துப்பும், தம்பிக்குத் தெரிந்தால் செத்தாலும் சாப்பிட மாட்டான் என்றார். இரண்டும் உண்மைதான். அக்காவை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.

மிராசுதார் வாசல் பந்தலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பெண்கள் அந்த வீட்டுக்குக் கொல்லைப்பக்கம்தான் போவது வழக்கம். நான் வாசலில் போய் நின்றேன். எந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடுவது என்று வழி நெடுக யோசித்திருந்தேன். ஐயா என்றேன். நிமிர்ந்து பார்த்தார். வழக்கு விஷயமாக வந்தாயா, அவன் அனுப்பினானா என்று கேட்டார். இல்லை, அவருக்குக் கஞ்சி வைக்கப் பழைய அரிசி வேண்டும் என்றேன்.  இல்லை என்று சொன்னால் இன்னொரு வாசல் எனக்குக் கிடையாது.

நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்ன காய்ச்சல், வயிறு உப்பியிருக்கிறதா, பேதி நின்றுவிட்டதா என்றெல்லாம் கேட்டார். சொன்னேன். உள்ளே குரல் கொடுத்து அரிசி கொண்டுவரச் சொன்னார். முறத்தில் வந்ததை ஒரு மணி எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, பழையதுதான் என்று உறுதி செய்துகொண்டார்.

"கஞ்சிக்கு அரிசின்னு கேட்டு வந்தவங்கள இந்த வீட்டுல இல்லன்னு அனுப்புனது கிடையாது. அதனால குடுக்கிறேன். வழக்கு வழக்குதான். அத வாபஸ் வாங்க மாட்டேன். அவன்கிட்ட சொல்லிடு."

சரிங்க என்றேன். அவர் மேல் எனக்கு அந்த நிமிஷம் நன்றி இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பஸ்ஸில் வரும்போதுதான் மடியில் இருந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். மெல்லிசான அரிசி. கிச்சிலிச் சம்பா. மற்ற வயல்களில் எல்லாம் குட்டை ரக நெல் வந்த பிறகும், மிராசுதார் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு வயலில் மட்டும் கிச்சிலி போடுவார்கள். அந்த வயல் கீழமடை. போன வருஷம் அதை உழுதவரும், நாற்று விட்டவரும், காவல் இருந்து அறுத்துக் களம் சேர்த்தவரும் என் கணவர். அப்போது அது அவர் வயல் இல்லை, அவ்வளவுதான். இது என் மூளையில் உறைத்ததும் மேலெல்லாம் சிலிர்த்துப்போனது. பஸ்ஸில் இருந்த யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

நர்சிடம் கேட்டு, வெளியே மூன்று கல் கூட்டி, அரிசியை நொய்யாக உடைத்துப் போட்டுக் கரைய விட்டேன். கொஞ்சம் உப்பு. துணியில் வடிகட்டி ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். கரண்டியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் மூக்கு விடைத்தது. கண்ணைத் திறந்தார்.

"ஏது இது?"

அவரிடம் பொய் சொல்லி ஊட்ட எனக்கு இஷ்டமில்லை. அவர் உடம்பு, அவர் தெரிந்துதான் சாப்பிட வேண்டும். மிராசுதார் வீட்டில் நான் கேட்டு வாங்கி வந்தேன், யாரும் அனுப்பவில்லை, வழக்கை வாபஸ் வாங்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  என் கணவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"கீழமடை நெல்லு" என்றார் கடைசியில். "அந்த வீட்டுக் களத்துல எத்தினி வருஷம் அவிச்சிருக்கேன். வாசன நல்லாத் தெரியும். வாயிலதான் பட்டதில்ல."

பிறகு வாயைத் திறந்தார்.

ஒரு கரண்டி உள்ளே போனது. காத்திருந்தேன். வெளியே வரவில்லை. தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கரண்டிக்கு அவராகவே வாயைத் திறந்தார். அக்கா கட்டில் காலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். போன வருஷத்து உழைப்பு, அது யாருடைய பத்தாயத்தில் கிடந்தாலும், இந்த வருஷம் அவர் தொண்டைக்குள் இறங்கி அவரைத் தூக்கி நிறுத்துவதை நான் கண்ணால் பார்த்தேன். இதைவிடப் பெரிய அதிசயம் எதையும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முடி எல்லாம் கொட்டியது. உள்ளங்காலில் தோல் உரிந்தது. சுவரைப் பிடித்து நிற்கவும், பிறகு வாசல் வரை நடக்கவும் புதிதாகக் கற்றுக்கொண்டார். இந்தக் காய்ச்சல் சிலருக்கு மறுபடி திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காலையும் மாலையும் நான் அவர் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போதும் விடு, ஊர் பார்க்கிறது என்று திட்டுவார். கை தானாகப் போய்விடும்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவர் செய்த முதல் காரியம், எங்கள் புது நெல்லில் ஒரு மூட்டையைத் தைத்து உத்தரத்துக்குக் கீழே பலகை போட்டு ஏற்றி வைத்ததுதான். அடுத்த தை வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் நெல்லைத் தின்னாமல் வைத்த ஆள் கிடையாது. ஐப்பசி அடைமழையில் அடுப்பு எரியாத வேளைகள் வந்தன. தலைக்கு மேல் ஒரு மூட்டை நெல் இருக்க, கீழே நாங்கள் கிழங்கு தின்றோம். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன், இரண்டு மரக்கால் மட்டும் எடுக்கட்டுமா என்று. "எடுத்தா மறுபடி அந்த வாசல்ல போயி நீதான் நிக்கணும்" என்றார். அதன்பின் நான் கேட்கவில்லை.

வழக்கு பல வருஷம் இழுத்து, கடைசியில் நிலம் எங்களிடமே தங்கியது. ஆனால் அது முடிவதற்கு வெகுகாலம் முன்பே, அடுத்த தை மாதம், மூட்டையை இறக்கித் தையலைப் பிரித்தோம். நெல் நிறம் மங்கி, கையில் எடுத்தால் சலசலவென்று உதிர்ந்தது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. இருந்தாலும் முதலில் கஞ்சிதான் வைத்தேன். இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து குடித்தோம். அவர் வட்டிலை வழித்துவிட்டு, என் கையை எடுத்துத் தானாகவே தன் மார்பில் வைத்துக்கொண்டார்.

அதுவரை எங்களிடம் நாள்கள்தான் இருந்தன. இன்றைக்கு அறுத்தது இன்றைக்கு, நாளைக்கு உள்ளது நாளைக்கு. ஒரு முழு வருஷம் எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கியது அன்றுதான்.